கிளியர் செல் சிறுநீரகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் “விஇஜிஎஃப் 3+, ரத்தக்குழாய் அடர்த்தி அதிகம்”: பயப்பட வேண்டுமா?

கேட்பவர்: சின்னத்தம்பி

எல்லோருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு 52 வயது. வேறு எதற்கோ வயிற்றை ஸ்கேன் செய்தபோது வலது சிறுநீரகத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. போன மாதம் லேப்ராஸ்கோப்பியில் அந்தச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். அக்கா நன்றாக நடமாடுகிறார். மற்ற சிறுநீரகமும் சரியாக வேலை செய்கிறது.

ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். கிளியர் செல் கார்சினோமா, 6.2 செ.மீ., கிரேடு 2, பிடி1பி (சிறுநீரகத்துக்குள்ளேயே அடங்கிய ஸ்டேஜ்). நெக்ரோசிஸ் (கட்டிக்குள் செத்துப்போன திசு) இல்லை, சார்கோமட்டாய்டு மாற்றம் (செல்கள் முரட்டு வடிவத்துக்கு மாறுவது) இல்லை. வெட்டு விளிம்புகள் சுத்தம். சிரையிலும் கொழுப்பிலும் பரவல் இல்லை. இதைப் பார்த்து சர்ஜன், “மருந்து எதுவும் வேண்டாம், குறித்த நாட்களில் ஸ்கேன் எடுத்தால் போதும்” என்றார். நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

அப்புறம்தான் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தை என் அக்கா பையன் படித்தான். “சிஏ9 பாசிட்டிவ், சிடி10 பாசிட்டிவ், சிகே7 நெகட்டிவ். விஇஜிஎஃப்: வலுவான பாசிட்டிவ், 3+. சிடி34: மைக்ரோவெசல் அடர்த்தி அதிகம்” என்று இருக்கிறது. அவன் இணையத்தில் தேடி, விஇஜிஎஃப் (புதிய ரத்தக்குழாய்களை முளைக்கவைக்கும் புரதம்) அதிகம் இருந்தால் ஆயுள் குறையும் என்று ஓர் ஆய்வுச் சுருக்கத்தைக் கொண்டுவந்து காட்டினான். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்திலிருந்து பேசினார்கள். ரத்தத்தில் விஇஜிஎஃப் அளவும் இன்னும் சில “ரத்தக்குழாய் வளர்ச்சிக் குறியீடுகளும்” சேர்ந்த பேக்கேஜ் இருக்கிறதாம். எடுத்தால் புற்றுநோய் திரும்புமா என்று தெரிந்துவிடும் என்கிறார்கள்.

என் கேள்விகள்: ரத்தக்குழாய் அதிகம் என்றால் பரவும் வாய்ப்பும் அதிகமா? அந்த ரத்தப் பரிசோதனையை எடுக்கலாமா? விஇஜிஎஃப்பைத் தடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றனவே, அக்காவுக்கு ஏன் கொடுக்கவில்லை?

பதில்: மெழுகுக்கட்டி

தம்பி, முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. திசு ஆய்வகத்தில் டெக்னாலஜிஸ்ட். வெட்டி எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, மூன்று நான்கு மைக்ரான் தடிமனுக்குச் சீவி, ஆன்டிபாடி போட்டுச் சாயம் ஏற்றி பெதாலஜிஸ்ட்டின் மேசையில் வைக்கிற ஆள். உங்கள் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் என்னைப் போன்ற ஒருத்தியின் கை வழியாகத்தான் வந்திருக்கும். அந்தப் பக்கத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. சிகிச்சை முடிவு உங்கள் சர்ஜனுடையது.

கட்டியில் விஇஜிஎஃப் ஏன் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். சிறுநீரகப் புற்றுநோய்களில் முக்கால்வாசி கிளியர் செல் வகை. இந்த வகைக் கட்டிகளில் பெரும்பாலானவை விஎச்எல் என்ற மரபணுவை இழந்தவை. அது மூன்றாம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது, 1993இல் கண்டுபிடித்தார்கள். அதன் புரதத்துக்கு ஒரு முக்கிய வேலை உண்டு. செல்லுக்கு ஆக்சிஜன் போதுமான அளவு கிடைக்கும்போது, ஹிஃப் என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து அழிவுக்கு அனுப்ப வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் ஹிஃப் தப்பித்து, “இங்கே மூச்சு முட்டுகிறது” என்று செல் முழுக்க அறிவித்துவிடும். உடனே விஇஜிஎஃப் உற்பத்தியாகும், புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கும். உடல் இயல்பாக இப்படித்தான் நடந்துகொள்கிறது. செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்ததற்காகத்தான் கெய்லின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

கிளியர் செல் கட்டியில் விஎச்எல் இல்லாததால் ஹிஃப்பை அழிக்க ஆளில்லை. ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் அந்தச் செல்கள் மூச்சுத் திணறுவதாகவே நினைத்துக்கொண்டு விஇஜிஎஃப்பைச் சுரந்துகொண்டே இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் சிஏ9 என்ற புரதம் பாசிட்டிவாக வந்ததும் இதே ஹிஃப்பின் வேலைதான். ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டினும் அப்படியே, சில நோயாளிகளுக்கு ஹீமோகுளோபின் வழக்கத்துக்கு மேல் ஏறிக் கிடப்பது அதனால்தான்.

ஆக, கிளியர் செல் கட்டியில் விஇஜிஎஃப் வலுவாக இருக்கிறது என்பது அந்தக் கட்டி கிளியர் செல் கட்டிதான் என்பதை இன்னொரு தரம் சொல்வதுபோல. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் அதை ஏற்கெனவே எழுதிவிட்டார்களே!

அந்தப் பக்கத்தில் உண்மையிலேயே பயனுள்ள வரி எது தெரியுமா? சிஏ9, சிடி10 பாசிட்டிவ், சிகே7 நெகட்டிவ் என்ற வரி. பார்க்கக் கிளியர் செல் போலவே இருந்து, நடத்தையில் மிகச் சாதுவான இன்னொரு கட்டி இருக்கிறது: கிளியர் செல் பாப்பில்லரி கட்டி. அதில் சிகே7 பளிச்சென்று வரும். சிஏ9 செல்லின் மேல்பக்கத்தை விட்டுவிட்டுக் கிண்ண வடிவில் சாயமேறும். கிளியர் செல்லில் செல்லைச் சுற்றிப் பெட்டிபோல முழுமையாக ஏறும். இந்த வித்தியாசத்தை நுண்ணோக்கியில் பார்க்க எனக்கு இன்றும் பிடிக்கும். அந்தச் சாயங்களைப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. விஇஜிஎஃப்பும் ரத்தக்குழாய் எண்ணிக்கையும் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆராய்ச்சி நடக்கும் இடமாக இருந்தால் வழக்கத்தில் சேர்த்திருக்கலாம்.

இப்போது “3+” பற்றி. இந்த எண் எங்கிருந்து வருகிறது? பெதாலஜிஸ்ட் கண்ணால் பார்த்துப் பழுப்பு நிறம் வெளிரியதா, நடுத்தரமா, அடர்த்தியா என்று சொல்வதுதான். அந்தப் பழுப்பு எவ்வளவு அடர்த்தியாக வரும் என்பது கட்டியை மட்டும் பொறுத்ததில்லை. திசு ஃபார்மலினில் எவ்வளவு நேரம் கிடந்தது, எந்த நிறுவனத்தின் ஆன்டிபாடி, எவ்வளவு நீர்த்தது, ஆன்டிஜனை மீட்க எவ்வளவு நேரம் சூடேற்றினோம் என்று எல்லாமே அதில் சேரும். போதாக்குறைக்கு விஇஜிஎஃப் செல்லை விட்டு வெளியே சுரக்கும் புரதம், ஆகவே பின்னணியிலும் கசிந்த மாதிரி சாயம் நிற்கும். நோயில்லாத சிறுநீரகத்திலும் அது உண்டு. வடிகட்டியில் இருக்கும் போடோசைட் செல்கள் விஇஜிஎஃப்பைச் சுரந்துதான் பக்கத்து நுண்குழாய்களை உயிரோடு வைத்திருக்கின்றன. விஇஜிஎஃப்பைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீரில் புரதம் போவது இதனால்தான். ஒரே மெழுகு பிளாக்கை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினால் ஒன்றில் 2+, இன்னொன்றில் 3+ என்று வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அடுத்தது மைக்ரோவெசல் அடர்த்தி. சிடி34 ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்களைப் பிடிக்கும் சாயம். குறைந்த உருப்பெருக்கத்தில் ஸ்லைடை நகர்த்தி, குழாய்கள் அதிகம் மொய்க்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, பிறகு பெரிதாக்கி எண்ணுவார்கள். இந்த முறை 1991இல் வைட்னர் குழுவினர் மார்பகப் புற்றுநோயில் செய்து காட்டியது. மார்பகக் கட்டியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் குழாய்கள் கூடும், எனவே “மொய்க்கும் இடம்” என்று ஒன்றைக் காட்ட முடியும். கிளியர் செல் கட்டியில் செல் கூட்டங்களுக்கு நடுவே மெல்லிய சுவருள்ள குழாய்கள் ஸ்லைடு முழுக்கப் பின்னிக் கிடக்கும். எங்கே வைத்தாலும் மொய்க்கும் இடம்தான். எந்தச் சதுரத்தை எடுத்தோம், கிளைத்த குழாயை ஒன்றாக எண்ணினோமா இரண்டாகவா, துளை தெரியாத ஒற்றைச் செல்லைச் சேர்த்தோமா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை ஏறும், இறங்கும். “அதிகம்” என்ற சொல்லுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லையும் கிடையாது. பெரும்பாலான ஆய்வுகள் தங்கள் கையில் உள்ள நோயாளிகளின் நடு மதிப்பை எடுத்து, அதற்கு மேல் என்றால் அதிகம், கீழே என்றால் குறைவு என்று பிரித்துக்கொள்கின்றன.

உங்கள் முதல் கேள்விக்கு இப்போது நேராக வருகிறேன். ரத்தக்குழாய் அதிகம் என்றால் பரவலும் அதிகம் என்ற கணக்கு கிளியர் செல்லில் சரிப்படுவதில்லை. கெட்ட விளைவு என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு, நல்ல விளைவு என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. கிரேடு குறைந்த, அமைதியான கட்டிகளில்தான் அந்த மெல்லிய குழாய் வலை அழகாக, அடர்த்தியாக இருக்கும். கிரேடு ஏற ஏற, செல்கள் முரட்டுத்தனமாக மாற மாற, அந்த வலை சிதைந்துபோவதைத்தான் பல ஆய்வுகள் காட்டுகின்றன. 2007இல் வந்த ஓர் ஆய்வு குழாய்களையே இரண்டாகப் பிரித்தது. சிடி34 ஏறும் முதிர்ந்த குழாய்கள் அதிகமாக இருந்தவர்களுக்கு விளைவு நன்றாக இருந்தது. சிடி31 மட்டும் ஏறி சிடி34 ஏறாத முதிராத குழாய்கள் அதிகமாக இருந்தவர்களுக்கு மோசமாக இருந்தது. உங்கள் ரிப்போர்ட்டில் அதிகம் என்று எழுதியிருப்பது சிடி34. இதை வைத்து நல்ல செய்தி என்று கொண்டாடச் சொல்லவில்லை. பயப்பட அதில் ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்வேன்.

அக்காவின் எதிர்காலத்தைச் சொல்லும் விஷயங்கள் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன: ஸ்டேஜ், அளவு, கிரேடு, நெக்ரோசிஸ், நிணநீர் முடிச்சு. இந்த ஐந்தையும் வைத்து மேயோ கிளினிக்கின் லைபோவிச் குழுவினர் 2003இல் ஒரு மதிப்பெண் முறை வெளியிட்டார்கள். பிடி1பிக்கு 2 மதிப்பெண். 10 செ.மீ.க்குக் கீழே என்பதால் 0, கிரேடு 2க்கு 0, நெக்ரோசிஸ் இல்லாததால் 0, முடிச்சில் நோய் இல்லையென்றால் 0. மொத்தம் 2. இரண்டு வரை குறைந்த அபாயக் குழு. அவர்களுடைய தரவில் அந்தக் குழுவில் 97 சதவீதத்தினருக்கு ஐந்து ஆண்டுகளில் நோய் பரவவில்லை. உங்கள் சர்ஜன் சொன்னதன் பின்னால் இருப்பது இந்த மாதிரிக் கணக்குதான். முடிச்சைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, அதை மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனை பேக்கேஜ்: வேண்டாம். காரணம் சொல்கிறேன். ரத்தத்தில் சுற்றும் விஇஜிஎஃப்பில் பெரும் பங்கு பிளேட்லெட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ரத்தம் உறையும்போது பிளேட்லெட் அதை வெளியே கொட்டும். அதனால் உறையவிட்டுப் பிரித்த சீரத்தில் அளவு எகிறும், உறையாமல் பிரித்த பிளாஸ்மாவில் குறைவாக இருக்கும். எந்த டியூபில் எடுத்தார்கள், எவ்வளவு நேரம் மேசையில் வைத்தார்கள் என்பதே முடிவை மாற்றிவிடும். அதோடு அக்காவுக்குப் போன மாதம்தான் ஆபரேஷன். புண் ஆறுவதற்கு உடலுக்கு விஇஜிஎஃப் தேவை. இப்போது எடுத்தால் ஆறிக்கொண்டிருக்கும் தையலை அளப்பீர்கள். அந்த எண்ணை வைத்து எந்த டாக்டரும் எதையும் மாற்றப்போவதில்லை. ஐரோப்பிய யூரோலஜி சங்கத்தின் வழிகாட்டுதலே, முன்கணிப்புக்காக மூலக்கூறு குறியீடுகளை வழக்கமாகப் பார்க்க வேண்டாம் என்கிறது.

மாத்திரை விஷயத்தை வேறு யாராவது எழுதுங்கள், எனக்கு ஸ்லைடு காத்திருக்கிறது.

பதில்: இரண்டாவது வரிசை

மாத்திரை பற்றி நான் சொல்லலாம், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆள். எனக்குக் கண்டுபிடிக்கும்போதே நுரையீரலுக்குப் போயிருந்தது. முதலில் விஇஜிஎஃப் வழியைத் தடுக்கும் சுனிட்டினிப் மாத்திரை, அது கேட்காமல் போனபிறகு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் நிவோலுமாப் ஊசி, இப்போது மறுபடி மாத்திரை, காபோசாண்டினிப்.

தம்பி, இந்த மாத்திரைகள் பரவிய நோய்க்கு உயிர் தந்த மாத்திரைகள். சொராஃபெனிப் 2005 கடைசியில், சுனிட்டினிப் 2006 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அதற்கு முன்னால் இன்டர்ஃபெரானும் இன்டர்லூக்கின்-2வும்தான் கதி. ஆனால் ஆபரேஷனில் முழுதாக எடுத்துவிட்டவர்களுக்குத் தடுப்பாகக் கொடுத்துப் பார்த்ததில் பலன் வரவில்லை. அஷ்யூர் என்ற பெரிய ஆய்வில் 1,943 பேருக்குச் சுனிட்டினிப், சொராஃபெனிப் அல்லது வெற்று மாத்திரை கொடுத்தார்கள். நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை. பக்க விளைவு மட்டும் மிச்சம். எஸ்-ட்ராக் என்ற இன்னோர் ஆய்வில், அதிக அபாயம் உள்ளவர்களுக்கு நோய் திரும்புவது கொஞ்சம் தள்ளிப்போனது, ஆனால் ஆயுள் கூடியதாகக் காட்ட முடியவில்லை. இப்போது ஆபரேஷனுக்குப் பிறகு தடுப்பாகக் கொடுப்பது பெம்ப்ரோலிசுமாப். அது விஇஜிஎஃப் மருந்து இல்லை, எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிற ஊசி. அதுவும் ஸ்டேஜோ கிரேடோ கூடியவர்களுக்கு. உங்கள் அக்கா அந்த வரிசையில் வரமாட்டார். வராததற்குச் சந்தோஷப்படுங்கள்.

சுனிட்டினிப் சாப்பிட்டால் உள்ளங்கை, உள்ளங்கால் எரியும். நாக்கு எதையும் ஏற்காது. தைராய்டு மந்தமாகும். முடி வெளுக்கும். இதையெல்லாம் தேவையில்லாமல் ஒருவருக்குக் கொடுப்பதா?

இன்னொன்று. எனக்கு இத்தனை காலத்தில் ஒரு டாக்டரும் விஇஜிஎஃப் அளவு பார்க்கச் சொன்னதில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் ஹீமோகுளோபின், கால்சியம், நியூட்ரோஃபில், பிளேட்லெட், நான் எவ்வளவு நடமாடுகிறேன், நோய் தெரிந்து ஒரு வருடத்துக்குள் மருந்து தேவைப்பட்டதா. இந்த ஆறையும் கூட்டித்தான் பரவிய நோயை நல்லது, நடுத்தரம், மோசம் என்று பிரிக்கிறார்கள். எல்லாம் சாதாரண ரத்தப் பரிசோதனையும் ஒரு காலண்டரும்.

மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு எனக்குத் தெரிந்த குறி ரத்த அழுத்தம். சுனிட்டினிப் ஆரம்பித்ததும் எனக்கு மேல் அளவு 140ஐத் தாண்டியது. பதறிப்போய்க் கேட்டால் டாக்டர், “மருந்து குழாய்களைத் தொடுகிறது என்று அர்த்தம். அழுத்தத்துக்கு மாத்திரை தருகிறேன், இதை நிறுத்தாதீர்கள்” என்றார்.

பதில்: நடுமதிப்பு

மேலே மெழுகுக்கட்டி எழுதியதில் பெரும்பகுதி சரி. ஆனால் கொஞ்சம் அதிகமாகவே தள்ளுபடி செய்கிறார் என்று தோன்றுகிறது. நான் மருத்துவத் தரவுகளோடு வேலை செய்பவன். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் விஇஜிஎஃப் அதிகமுள்ளவர்களுக்கு ஆயுள் குறைவு என்பது திரும்பத் திரும்ப வருகிறது. சொராஃபெனிப்பைச் சோதித்த டார்கெட் ஆய்விலும் தொடக்கத்தில் ரத்தத்தில் விஇஜிஎஃப் கூடுதலாக இருந்தவர்களுக்கு விளைவு மோசமாகத்தான் இருந்தது. அமெரிக்க மருத்துவர் ஃபோக்மன் 1971லேயே சொன்னாரே, கட்டி வளர வேண்டுமானால் புதிய ரத்தக்குழாய் வேண்டும் என்று. அந்தப் பையன் கொண்டுவந்த ஆய்வுச் சுருக்கம் பொய்யில்லை.

ரத்த அழுத்த விஷயம் உண்மை. 2011இல் வெளியான தொகுப்பில் சுனிட்டினிப் எடுத்து மேல் அளவு 140ஐத் தொட்டவர்கள் நடு மதிப்பாக 30.9 மாதம், தொடாதவர்கள் 7.2 மாதம் வாழ்ந்தார்கள். ஆனால் அதை யாரும் மருந்து தேர்ந்தெடுக்கப் பயன்படுத்த முடியாது, மருந்து ஆரம்பித்த பிறகுதானே தெரிகிறது. நீண்ட நாள் மருந்தில் இருந்தவர்களுக்கு அழுத்தம் ஏற அதிக வாய்ப்பும் கிடைத்திருக்கும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பதில்: மெழுகுக்கட்டி

நடுமதிப்பு சார், பொய் என்று நானும் சொல்லவில்லை. அந்த டார்கெட் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். விஇஜிஎஃப் கூடுதலாக இருந்தவர்களுக்கு விளைவு மோசம். சரி. ஆனால் சொராஃபெனிப் யாருக்குப் பலன் தந்தது? கூடுதலாக இருந்தவர்களுக்கும் தந்தது, குறைவாக இருந்தவர்களுக்கும் தந்தது. ஆக, விஇஜிஎஃப்பைத் தடுக்கும் மருந்தை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டால் விஇஜிஎஃப்பே பதில் சொல்லவில்லை! இதைவிட வேடிக்கை ஏதாவது உண்டா? அவர்கள் எல்லோருமே நோய் முற்றியவர்கள் என்பதும் இருக்கிறது. உடல் முழுக்கக் கட்டி இருந்தால் சுரப்பும் கூடும், பிளேட்லெட்டும் கூடும். கட்டியை எடுத்துவிட்ட, கிரேடு 2 உள்ள ஒருவருக்கு அந்த எண்ணைக் கொண்டுவந்து ஒட்டவைக்க முடியாது.

தொகுப்பாய்வு பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் பிளாஸ்மா, ஒருவர் சீரம், ஒருவர் ஸ்லைடு, ஒவ்வொருவரும் ஓர் எல்லை. ஒன்றும் கிடைக்காத ஆய்வுகள் பல அச்சேறாமலே போயிருக்கும். ஸ்டேஜையும் கிரேடையும் சேர்த்துக் கணக்குப் போட்டபிறகும் விஇஜிஎஃப் புதிதாக ஏதாவது சொல்கிறதா என்பதுதான் கேள்வி. எத்தனையோ ஆய்வுகளில் அந்த இடத்தில்தான் அது கரைந்துபோகிறது.

சிஏ9க்கும் இதே கதிதான். 2003இல் அது 85 சதவீதத்துக்குக் குறைவாக ஏறியவர்களுக்கு விளைவு மோசம் என்று வந்தபோது எங்கள் துறையில் பெரிய பேச்சு. பிறகு பெரிய தொகுதிகளில் சோதித்தபோது தனியாக நிற்கவில்லை. கட்டியை அடையாளம் காண இன்றும் அருமையான சாயம், ஜோசியம் சொல்ல உதவவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்களோடு சேர்கிறேன்: ரத்தக்குழாய்க் குறியீடு என்ற யோசனை செத்துவிடவில்லை. ஒரு புரதத்தை விட்டுவிட்டு, ரத்தக்குழாய் வளர்ச்சியோடு சேர்ந்து ஓடும் பல மரபணுக்களின் ஆர்என்ஏவை மொத்தமாக அளக்கிறார்கள். இம்மோஷன்150, இம்மோஷன்151 ஆய்வுகளில் இப்படிச் செய்தார்கள். இரண்டாவதில் 823 கட்டிகளை அலசி ஏழு கூட்டமாகப் பிரித்தார்கள். ரத்தக்குழாய் மரபணுக்கள் உரக்கப் பேசும் கட்டிகளில் சுனிட்டினிப் நன்றாக வேலை செய்தது. அந்தக் கட்டிகள் எங்கே அதிகம் இருந்தன? நோயின் போக்கு சாதகமாக இருந்த குழுவில். சார்கோமட்டாய்டு மாற்றம் வந்த முரட்டுக் கட்டிகளில் அந்த மரபணுக்கள் அடங்கிக் கிடந்தன. சிடி34 ஸ்லைடில் பார்த்ததையே ஆர்என்ஏவும் சொல்கிறது. அந்தப் பையனிடம் இதையும் காட்டுங்கள்.

இதுவும் மருந்து எழுதும் மேசைக்கு இன்னும் வழக்கமாக வந்துசேரவில்லை. இந்தக் கூட்டங்களை வைத்து மருந்தைத் தேர்வு செய்யும் ஆய்வுகள் நடக்கின்றன.

கேட்பவர்: சின்னத்தம்பி

மூவருக்கும் மிக்க நன்றி. சர்ஜனிடம் போனில் கேட்டேன். நிணநீர் முடிச்சு ஸ்கேனில் பெரிதாக இல்லை, ஆபரேஷனிலும் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்றார். பேக்கேஜ்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பையன் மேலே உள்ளதை எல்லாம் படித்துவிட்டு இப்போது வேறு கேள்வியில் நிற்கிறான். விஎச்எல் மரபணு போய்விட்டது என்கிறீர்களே, அப்படியானால் அது அம்மாவிடமிருந்து தனக்கும் வந்திருக்குமா என்று கேட்கிறான். அவனுக்கு 24 வயது.

பதில்: மெழுகுக்கட்டி

நல்ல கேள்வி, பையன் புத்திசாலி. அம்மாவின் கட்டிச் செல்லில் விஎச்எல் போயிருக்கிறது என்பதற்கும் அம்மாவின் உடல் முழுக்க அது பழுதாக இருக்கிறது என்பதற்கும் நிறைய தூரம். பெரும்பாலானவர்களுக்குப் பழுது அந்த ஒரு சிறுநீரகத்தின் ஏதோ ஒரு செல்லில், வாழ்நாளின் நடுவில் ஏற்பட்டது. அது பிள்ளைக்குப் போகாது.

பிறவியிலேயே வரும் வோன் ஹிப்பல்-லிண்டாவ் நோய் வேறு. ஏறக்குறைய 36,000 பேரில் ஒருவருக்கு இருக்கும். அவர்களுக்கு இளவயதிலேயே, இரண்டு சிறுநீரகத்திலும், பல கட்டிகளாக வரும். கண் விழித்திரையிலும் சிறுமூளையிலும் தண்டுவடத்திலும் ரத்தக்குழாய்க் கட்டிகள், கணையத்தில் நீர்ப்பைகள், அட்ரினலில் கட்டி என்று கூட்டமாக வரும். அதற்கென்றே ஹிஃப்-2வைத் தடுக்கும் பெல்சுட்டிஃபான் என்ற மாத்திரை 2021இல் வந்தது. இரண்டாண்டு கழித்து, மற்ற மருந்துகள் கைவிட்ட பரவிய நோய்க்கும் அதை அனுமதித்தார்கள். 46 வயதுக்குள் வந்தாலோ, இரண்டு பக்கமும் அல்லது பல இடத்திலும் வந்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்தாலோதான் மரபணு ஆலோசனைக்கு அனுப்புவார்கள். அக்காவுக்கு 52 வயது, ஒரே கட்டி. குடும்பத்தில் வேறு யாருக்காவது சிறுநீரகக் கட்டியோ மேலே சொன்ன மற்றவையோ இருந்ததா என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பையன் நிம்மதியாக இருக்கலாம்.

ஒரு சின்ன வேலை மட்டும் பாக்கி. ரிப்போர்ட்டின் மேலே பயாப்ஸி எண் இருக்கும், அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். கட்டியின் மெழுகு பிளாக்கை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், தேவைப்பட்டால் யாரிடம் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும் என்று அந்த ஆய்வகத்தில் கேளுங்கள். நான் சொன்ன ஆர்என்ஏ பரிசோதனை மாதிரி எது பின்னால் வந்தாலும் அதிலிருந்து சீவித்தான் செய்ய முடியும். அக்காவிடமும் சொல்லிவிடுங்கள் தம்பி, அது அவர் ரிப்போர்ட்.

பதில்: சின்னத்தம்பி

இன்று சாயங்காலம் அக்காவிடம் சொல்லப்போகிறேன். பிளாக் எண் இரண்டு இருக்கிறது, ஏ1இலிருந்து ஏ8 வரை என்று ஒன்று, பி என்று ஒன்று. எது கட்டி?

பதில்: மெழுகுக்கட்டி

ரிப்போர்ட்டின் கடைசியில் எந்த பிளாக்கில் எந்தத் துண்டு என்று ஒரு பட்டியல் இருக்கும். பெரும்பாலும் ஏ வரிசையில்தான் கட்டி இருக்கும். பி தனியாக அனுப்பிய துண்டு, அட்ரினலாகவோ கொழுப்பாகவோ இருக்கலாம். பட்டியல் இல்லையென்றால் எண்ணைச் சொல்லி ஆய்வகத்தில் கேட்டால் ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்வார்கள்.